தனியாகப் போகிறவருக்குத் தானே நிற்கும் கூடாரம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சர்ச்சூவில் முளை இறங்கவில்லை. மணாலியிலிருந்து லே போகும் சாலையில், 4,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருக்கும் சமவெளி அது. மேலே விரற்கடை அளவுக்குப் புழுதி, அதற்கடியில் கூழாங்கல் இறுகிப்போன தரை. நான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போயிருந்தது இரவல் கூடாரம். நாலு பக்கமும் முளை அடித்துக் கயிற்றை இழுத்துக் கட்டினால்தான் எழுந்து நிற்கும் வகை. கல்லை எடுத்துத் தட்டினால் முளை வளைந்தது, தரை அசையவில்லை. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தேன். எனக்குப் பிறகு வந்து சேர்ந்த இன்னொரு சைக்கிள்காரர் இரண்டு கழிகளைக் குறுக்கே வளைத்துச் செருகினார், பைகளை உள்ளே போட்டார், டீ குடிக்கப் போய்விட்டார்.

அதிலிருந்து, யார் டெண்ட் வாங்க யோசனை கேட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: எந்தத் தரையில் படுக்கப் போகிறீர்கள்? எடை, விலை, நிறம் எல்லாம் அதற்கு அப்புறம். முதுகுப்பையோடு தனியாக நடப்பவருக்கும், சைக்கிளில் பைகளைக் கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போகிற பைக்பேக்கிங்காரருக்கும் இது பொருந்தும்.

தானே நிற்பது என்றால் என்ன?

கழிகளைச் செருகியவுடன், ஒரு முளைகூட அடிக்காமல், தன் முழு வடிவத்தில் நிற்கும் கூடாரம்தான் 'ஃப்ரீஸ்டாண்டிங்'. தூக்கி நாலடி தள்ளி வைக்கலாம். காலையில் கதவைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்து மண்ணை உதறலாம். இடம் சரிவாக இருந்தால் திருப்பிப் போடலாம்.

இதற்கும் முளையை நம்பி நிற்கும் கூடாரத்துக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது: பாதி தானே நிற்பது. தலைப்பக்கம் இரண்டு மூலைக்கும் கழி போகும். கால்பக்கம் ஒரே கழிதான். அதனால் கால்பக்க மூலைகள் இரண்டையும் முளை அடித்தோ கல்லில் கட்டியோ விரித்தால்தான் படுக்க இடம் கிடைக்கும். கழி குறைவதால் எடையும் குறைகிறது, அதுதான் இந்த வகையின் கவர்ச்சி. விற்கிற இடத்தில் இதையும் சில சமயம் ஃப்ரீஸ்டாண்டிங் என்றே எழுதிவிடுகிறார்கள். எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பாருங்கள். மேல்துணி (மழைக்காக மேலே போர்த்தும் துணி) இல்லாத படத்தில் தரையின் நாலு மூலைக்கும் கழி வந்து இறங்குகிறதா? இறங்கினால் அது தானே நிற்கும். ஆங்கில ஒய் எழுத்து மாதிரி மூன்றே கால்கள் தெரிந்தால் பாதி வகை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தானே நிற்கும் கூடாரத்துக்கும் முளை வேண்டும். உள்ளே ஆளோ பையோ இல்லாத கூடாரம் காற்றில் பட்டம் மாதிரி போகும். சர்ச்சூவைத் தாண்டி, பாங்குக்கு அப்பால் வரும் மோர் சமவெளியில் மதியத்துக்கு மேல் வீசும் காற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதோடு, பெரும்பாலான வடிவங்களில் மேல்துணியின் முன்பக்கத்தை, அதாவது பைகளும் செருப்பும் வைக்கிற திண்ணைப் பகுதியை, இழுத்துப் பிடிக்க ஒரு முளையாவது வேண்டும். ஆகவே 'முளையே தேவையில்லை' என்று எண்ணி வாங்காதீர்கள். முளை இறங்காத இடத்திலும் கூடாரம் நிற்கும், அதுதான் இதில் கிடைக்கும் லாபம்.

சிமெண்டுத் தரை

வெளிநாட்டுக் கட்டுரைகள் புல்வெளியையும் காட்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் நாட்டில் நீண்ட தூரம் சைக்கிளில் போகிறவர் பாதி இரவுகளைக் கழிப்பது தாபாவின் பின்பக்கம், பள்ளிக்கூட வராந்தா, பெட்ரோல் பங்கின் ஓரம், கோயில் மண்டபம், யாரோ ஒரு நல்ல மனிதர் காட்டிய மொட்டை மாடி ஆகிய இடங்களில்தான். அங்கே முளை என்ற பேச்சுக்கே இடமில்லை. கூரை இருந்தால் மழையும் படாது. வேண்டியதெல்லாம் கொசு வராத, நாய் மோந்து பார்க்காத, துணி மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் மறைவான ஒரு கூடு. தானே நிற்கும் கூடாரத்தின் உள்கூட்டை, அதாவது வலையும் தரையும் சேர்ந்த உள்ளறையை மட்டும், மேல்துணி இல்லாமல் நிறுத்தினால் அது அப்படியே பெரிய கொசுவலை. இந்த ஒரு காரணத்துக்காகவே, 200 அல்லது 300 கிராம் கூடினாலும் பரவாயில்லை, முழுதாகத் தானே நிற்பதையே வாங்குங்கள் என்று சைக்கிள்காரர்களுக்குச் சொல்வேன்.

நடப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். மண்ணும் புல்லும் உள்ள மலைப்பாதைகளில் மட்டுமே போவீர்கள், கையில் ட்ரெக்கிங் கம்புகளும் உண்டு என்றால், அந்தக் கம்புகளையே தூணாக வைத்து நிற்கும் கூடாரம் அரை கிலோ வரை மிச்சம் பிடித்துத் தரும். பாறையும் மணலும் பனியும் கலந்து வரும் பாதை என்றால் தானே நிற்பதே நிம்மதி.

தமிழ்நாட்டுக் காடுகளை நினைத்துக்கொண்டு வாங்குகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் கூடாரம் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்துபோனார்கள். அதன்பின் விதிகள் இன்னும் இறுகின. எங்கே தங்க அனுமதி கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, அந்த இடத்துக்கு ஏற்ற கூடாரத்தைத் தேடுங்கள்.

எடையைப் படிப்பது

ஒரே கூடாரத்துக்கு இரண்டு எடை போட்டிருப்பார்கள். உள்கூடு, மேல்துணி, கழிகள் மூன்றுக்கும் மட்டுமான எடை ஒன்று. இதை மினிமம் வெயிட் அல்லது ட்ரெயில் வெயிட் என்பார்கள். முளை, கயிறு, உறைகள் என்று பெட்டியில் வந்த எல்லாம் சேர்ந்த எடை இன்னொன்று; அது பேக்டு வெயிட். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் முதலாவது. நீங்கள் சுமக்கப் போவது கிட்டத்தட்ட இரண்டாவது. இரண்டு கூடாரங்களை ஒப்பிடும்போது ஒரே வகை எடையை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கு அடியில் போடும் விரிப்பு இரண்டிலும் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவருக்கான, இரட்டைச் சுவர் கொண்ட (உள்கூடும் மேல்துணியும் தனித்தனியான), முழுதாகத் தானே நிற்கும் கூடாரம் 1 முதல் 1.5 கிலோவுக்குள் இருந்தால் அது நல்ல லேசான கூடாரம். ஒரு கிலோவுக்குக் கீழே போகப் போக விலை ஏறும், துணி மெலியும். 2 கிலோவுக்கு மேல் போகும் மலிவான டோம் வகைகள் உழைக்கும், முதல் ஒன்றிரண்டு பயணத்துக்குப் போதும்; ஆனால் முதுகில் ஏற்றி ஐந்து நாள் நடக்கும்போது ஒவ்வொரு ஏற்றத்திலும் அதன் எடை தெரியும்.

துணியின் மெலிவை டெனியர் என்ற அளவில் சொல்வார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். மிக லேசான கூடாரங்கள் 10 அல்லது 15 டெனியர் துணியில் வருகின்றன. கவனமாகக் கையாண்டால் பல வருடம் வரும். நெருஞ்சி முள் நிறைந்த தரையில் விரிப்பில்லாமல் போட்டால் முதல் இரவே ஓட்டை விழும். முதல் கூடாரம் வாங்குகிறவருக்கு 20 டெனியர் பக்கம் இருப்பது நல்லது என்பது என் எண்ணம். பழகப் பழகத்தான் மெல்லிய துணியைக் கையாளும் நிதானம் கைக்கு வரும்.

சைக்கிள்காரர் டேப் எடுத்து அளக்க வேண்டியது

பைக்பேக்கிங்கில் எடையைவிடப் படுத்துவது நீளம். கூடாரத்தை வழக்கமாக ஹேண்டில்பாருக்கு முன்னால் உருளையாகக் கட்டுவோம். மடித்த கழிகள் சாதாரணமாக 45 முதல் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கீழ்நோக்கி வளைந்த டிராப் ஹேண்டில்பாரின் மொத்த அகலமே 40 முதல் 46 சென்டிமீட்டர்தான். அதிலும் பிரேக் லீவருக்கும் விரலுக்கும் இடம் விட வேண்டும். ஆக, கழி உள்ளே நுழையாது. நுழைத்தால் கியர் மாற்ற முடியாது. நேரான ஹேண்டில்பார் என்றால் அகலம் தாராளம், இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. பிக் ஆக்னஸ், நெமோ, எம்எஸ்ஆர் போன்ற கம்பெனிகள் பைக்பேக் என்ற பெயரிலேயே தனி வகை விற்கின்றன. கழிகள் சின்னத் துண்டுகளாக மடியும். பிக் ஆக்னஸில் ஒரு துண்டு சுமார் 30 சென்டிமீட்டர்தான். வசதியானவை, விலையும் அதிகம். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. கழிகளைத் தனியாகப் பிரித்து ஃப்ரேமின் மேல்குழாய்க்கு அடியில் இரண்டு வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள், அல்லது நீளம் இடம் கொடுத்தால் ஃப்ரேம் பைக்குள் வையுங்கள். துணியை மட்டும் ட்ரை பேக்கில் (தண்ணீர் புகாத பையில்) திணித்து முன்னால் கட்டலாம். கழி இல்லாத ஒருவர் கூடாரம் 8 லிட்டர் பையில் அடங்கிவிடும். நான் இரண்டாவது வழியில்தான் போகிறேன். கட்டும்போது கழி பெயிண்டில் உரசாமல் ஒரு பழைய டியூப் துண்டைச் சுற்றிவிடுங்கள். வெல்க்ரோ தளர்ந்து கழி ஒன்று வழியில் விழுந்தால் அன்றிரவு கூடாரமே இல்லை. ஆகவே நிற்கும்போதெல்லாம் ஒரு தடவை கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

குள்ளமான ஃப்ரேம் உள்ளவர்கள் ஹேண்டில்பாருக்கும் முன்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். உருளை தடிமனாக இருந்தால் மேடுபள்ளத்தில் டயரில் உரசி, துணி தேய்ந்து கிழியும்.

மொட்டை மாடியில் ஒரு சாக்பீஸ்

அளவு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். 'ஒருவருக்கு' என்று போட்டிருப்பது ஒரு ஆள் அசையாமல் படுத்தால் கொள்ளும் இடம். வாங்கும் முன் அதன் உள்ளளவைக் குறித்துக்கொண்டு, மொட்டை மாடியில் சாக்பீஸாலோ கோலமாவாலோ அப்படியே வரையுங்கள். பல கூடாரங்கள் தலைப்பக்கம் அகலமாகவும் கால்பக்கம் குறுகலாகவும் இருக்கும், அதையும் சரியாக வரைய வேண்டும். பிறகு உங்கள் படுக்கை மேட்டைப் (ஸ்லீப்பிங் மேட்) போட்டு, ஸ்லீப்பிங் பேகுக்குள் புகுந்து படுத்துப் பாருங்கள். புரண்டு படுங்கள். மாற்றுத்துணிப் பையும் தண்ணீர் பாட்டிலும் எங்கே போகும் என்று பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும். கடையில் எத்தனை நேரம் நின்றாலும் இது தெரியாது.

நீளத்தில் உங்கள் உயரத்தோடு 30 சென்டிமீட்டராவது கூட்டிக்கொள்ளுங்கள். மேட்டின் தடிமன் உங்களைத் தூக்கும், சுவர் சாய்வாக இறங்கும், ஆகவே தலையும் காலும் துணியில் முட்டும். முட்டினால் காலையில் ஸ்லீப்பிங் பேகின் கால்பக்கம் ஈரமாகிவிடும். உயரத்துக்கும் ஒரு சோதனை உண்டு: சுவரோரம் சம்மணம் போட்டு, நீங்கள் படுக்கும் மேட்டின் மேலேயே உட்கார்ந்து, தலை எட்டும் இடத்தில் கோடு போடுங்கள். கூடாரத்தின் உச்சி அதைவிட உயரமாக இருக்க வேண்டும். மழை விடாத ஒரு நாள் முழுக்க உட்காரக்கூட முடியாமல் உள்ளே கிடப்பது பெரிய வேதனை.

இருவர் கூடாரத்தைத் தனியாளாக எடுத்துப் போகலாமா என்று கேட்பார்கள். சைக்கிளில் தாராளமாக. கூடுவது பெரும்பாலும் 200 முதல் 400 கிராம்தான், பைகளை எல்லாம் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். நடப்பவர் யோசித்துக்கொள்ளட்டும்.

கதவு எந்தப் பக்கம் என்பதையும் கவனியுங்கள். பக்கவாட்டுக் கதவு என்றால் எழுந்து உட்கார்ந்து காலை வெளியே வைக்கலாம், திண்ணையும் அகலமாகக் கிடைக்கும். தலைப்பக்கக் கதவு என்றால் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். மழை நேரத்தில் திறந்தால் சாரல் நேரே படுக்கையில் விழும் வடிவங்களும் உண்டு. தனியாளுக்குப் பக்கவாட்டுக் கதவு ஒன்று போதும்.

மழையும் மூச்சும்

மேல்துணி எவ்வளவு தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்பதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 1,200 அல்லது 1,500 என்று இருந்தால், அவ்வளவு உயரத் தண்ணீர்த் தூணின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்று பொருள். மேல்துணிக்கு அது போதுமானது. தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈரத்தரையில் முழங்காலை ஊன்றும்போது அழுத்தம் அங்கேதான். தையல்களின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் டேப் ஒட்டாது. அதை வாங்கினால் தையலுக்கு நீங்களே சீலர் (ஓட்டையை அடைக்கும் பசை) பூச வேண்டியிருக்கலாம்.

நைலான் ஈரம் குடித்தால் தொய்யும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூடாரம் ராத்திரி மழையில் தளர்ந்து, மேல்துணி உள்கூட்டில் ஒட்டும். படுக்கும் முன் கயிறுகளை ஒருமுறை இழுத்துவிட்டுப் படுங்கள். பாலியஸ்டர் இவ்வளவு தொய்யாது.

புதிதாக வருகிறவர்கள் காலையில் உள்ளே ஈரம் பார்த்தவுடன் கூடாரம் ஒழுகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். பல சமயம் அது உங்கள் மூச்சுதான். வெளியே குளிர்ந்த துணியில் உள்ளேயிருக்கும் ஈரக்காற்று பட்டுத் துளியாகக் கோர்க்கிறது. உள்கூடும் மேல்துணியும் தனித்தனியாக இருக்கும் இரட்டைச் சுவர் கூடாரத்தில் இந்தத் துளி மேல்துணியில் தங்கிவிடும், உங்கள் மேல் விழாது. ஒற்றைச் சுவர்க் கூடாரம் லேசானது. ஆனால் நம் பக்கத்து ஈரப்பதத்தில் புதியவருக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மேல்துணியின் காற்றுத் துவாரத்தை மழையிலும் திறந்து வையுங்கள். ஆற்றங்கரைப் பள்ளத்தில் போடாமல் கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள்.

உள்கூடு முழுக்க வலையாக இருந்தால் தெற்கே சுகம். லடாக்கில் அதே வலை வழியாகப் புழுதியும் குளிர்காற்றும் உள்ளே வரும். அங்கே போவது உறுதி என்றால், கீழ்ப்பாதி துணியாகவும் மேலே மட்டும் வலையாகவும் உள்ளதைத் தேடுங்கள்.

இன்னொன்று: பல கூடாரங்களில் உள்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல் மேல்துணியைப் போட வேண்டும். கொட்டும் மழையில் அந்த இரண்டு நிமிடத்தில் வலை வழியாகத் தரை நனைந்துவிடும். மேல்துணியை முதலில் நிறுத்தவோ இரண்டையும் சேர்த்தே நிறுத்தவோ முடிந்தால் மழைக்காலப் பயணத்துக்குப் பெரிய உதவி.

கழி

கழிகளில் சமரசம் வேண்டாம். ஃபைபர்கிளாஸ் கழி கனமானது, குளிரில் பிளந்து சிராய் சிராயாகப் பெயரும். அலுமினியமே வாங்குங்கள். கொரியாவின் டிஏசி கம்பெனியின் அலுமினியக் கழிகளைப் பல நல்ல கூடாரங்களில் காணலாம். கூடவே ஒரு விரல் நீளக் குழாய் வருகிறதா என்று பாருங்கள். கழி உடைந்தால் அந்த இடத்தின் மேல் இதைச் செருகி இரண்டு பக்கமும் டேப் சுற்றிக்கொள்ளலாம். வரவில்லை என்றால் தனியாக வாங்கியே ஆக வேண்டும். சில கிராம்தான்.

சில பெயர்கள்

முழுதாகத் தானே நிற்பவற்றில் பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர், எம்எஸ்ஆர் ஹப்பா வரிசை இரண்டும் பல வருடமாகப் பலர் நம்பும் பெயர்கள். இறக்குமதி என்பதால் வரியும் சேர்ந்து விலை கணிசமாக ஏறும். சீனாவின் நேச்சர்ஹைக்கில் மோங்கர் தானே நிற்கும். அதே கம்பெனியின் கிளவுட் அப் பாதி வகை. நெமோ ஹார்னெட்டும் பாதி வகைதான். டெக்கத்லானின் எம்எச்100 டோம் கனமானது, ஆனால் கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கலாம். இந்தப் பழக்கம் நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள நல்ல தொடக்கம். முடிந்தால் முதல் பயணத்துக்கு வாடகைக்கோ இரவலாகவோ எடுங்கள். ஓர் இரவு படுத்தால் உங்களுக்கு எது முக்கியம் என்று தெளிவாகிவிடும்.

வாங்கிய பிறகு

மொட்டை மாடியில் மூன்று தடவை நிறுத்திப் பழகுங்கள், அதில் ஒரு தடவை இருட்டில், ஹெட்லாம்ப் வெளிச்சத்தில். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி உள்ளே தடவிப் பாருங்கள். குறை இருந்தால் வீட்டில் தெரிவதுதான் நல்லது, மாற்றித்தரச் சொல்லலாம்.

தரைக்கு அடியில் போட தனியாக விற்கும் விரிப்பு விலை அதிகம். கனமான பாலித்தீன் ஷீட்டைக் கூடாரத் தரையைவிட நாலு விரல் சின்னதாக வெட்டிக்கொண்டால் போதும். பெரிதாக இருந்தால் வெளியே நீட்டிய ஓரத்தில் மழைநீர் பிடித்து உங்கள் அடியில் குளமாக நிற்கும்.

காற்றுள்ள இடத்தில் நிறுத்தும்போது, கழியைச் செருகும் முன்பே உள்கூட்டுக்குள் ஒரு கனமான பையைப் போட்டுவிடுங்கள். முளை இறங்காத தரையில் கயிற்றின் முனையில் ஒரு சின்னக் கல்லைக் கட்டி, அதற்கு முன்னால், கூடாரத்தின் பக்கமாக, ஒரு பெரிய கல்லை அதே கயிற்றின் மேல் தூக்கி வையுங்கள். காற்று இழுத்தால் சின்னக் கல் பெரிய கல்லில் முட்டி நிற்கும், கயிறு கூர்க்கல்லில் உரசி அறுவதும் குறையும். கல்லே இல்லாத இடத்தில் சைக்கிளைப் படுக்கப் போட்டு அதில் கட்டலாம். கூடாரத்துக்குள் அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், எவ்வளவு குளிராக இருந்தாலும் சரி. துணி ஒரு நொடியில் பிடிக்கும், புகை தெரியாமலேயே கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கும்.

காலையில் ஈரத்தோடு சுருட்டினால், மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும் இடத்தில் ஒரு வேலியில் விரித்துவிடுங்கள். அரைமணி வெயில் போதும். வீடு திரும்பியதும் ஒரு நாள் முழுக்க நிழலில் காய வைத்து, அதன் சின்ன உறையில் இறுக்கித் திணிக்காமல் ஒரு பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு அலமாரியில் அடைத்துவைத்தால் துணியில் தண்ணீரைத் தடுக்கும் பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடையோடு உரிந்து வரும். அப்புறம் அந்தக் கூடாரத்தை எதுவும் செய்ய முடியாது. கழிகளையும் விரித்த நிலையிலோ நடுவிலிருந்து மடித்தோ வையுங்கள், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு நீண்ட நாள் இழுவை விடாமல் இருக்கும்.